போடி மலைக் கணவாய்களும் பண்டைய வணிகவழிப் பயண ஆயத்தமும்

போடி மலைக் கணவாய்கள் என்பவை தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், பொட்டிபுரம், தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஆகிய அடிவார ஊர்களிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலைப் பகுதிக்கு ஏறும் பழைய பாதைகள் ஆகும். சங்ககாலத்தில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியையும் பாண்டியர் தலைநகரான மதுரையையும் இணைத்த வணிகவழிகளில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாகச் சென்றதாகத் தொல்லியல் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ரோமப் பேரரசுக்குச் சென்ற மிளகு விளைந்த மலைகளும் இவற்றைச் சேர்ந்தவையே. இப்பாதைகளில் நடப்பதற்கு அன்று என்ன ஆயத்தம் தேவைப்பட்டது, இன்று என்ன தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ரோமச் சாலையும் தமிழகப் பெருவழியும்

ரோமானியர் தம் பேரரசு முழுவதும் கல் பாவிய சாலைகளை அமைத்தனர். கிமு 312-இல் தொடங்கப்பட்ட ஆப்பியன் சாலை இவற்றுள் புகழ்பெற்றது. 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சாலையோரங்களில் மைல்கற்கள் நடப்பட்டன. குதிரை மாற்றும் இடங்களும் இரவு தங்கும் விடுதிகளும் குறிப்பிட்ட தொலைவுகளில் இருந்தன. பயணம் புறப்படுபவர் ஊர்ப்பெயர்களும் இடைத்தொலைவுகளும் எழுதப்பட்ட பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது வழக்கம்.

இச்சாலைகளைக் காட்டும் நிலப்படம் ஒன்று இன்றும் வியன்னாவில் உள்ளது. பியூட்டிங்கர் நிலப்படம் எனப்படும் இது, பழைய மூலம் ஒன்றிலிருந்து இடைக்காலத்தில் படியெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 6.75 மீட்டர் நீளமும் 34 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட சுருள் வடிவில் அமைந்திருந்தது. அதன் கிழக்குக் கோடியில் இந்தியாவும் இடம்பெறுகிறது. அங்கே முசிறி என்ற பெயரும் அதன் அருகில் அகஸ்டசு கோயில் ஒன்றும் குறிக்கப்பட்டுள்ளன.

எனினும் ரோமானியர் தமிழகத்தில் சாலை எதையும் அமைக்கவில்லை. இங்கிருந்த நெடுந்தொலைவு வழிகள் பெருவழி என்றும், கடினமான காட்டு வழிகள் அத்தம், சுரம் என்றும் அழைக்கப்பட்டன. மலைப்பகுதிகளில் கல் பாவிய தளம் கிடையாது. ஆற்றின் போக்கையும் மலையின் தாழ்ந்த இடைவெளியையும் பார்த்து மனிதரும் விலங்குகளும் நடந்து நடந்து உண்டானவையே இப்பாதைகள். அவற்றில் மைல்கல் செய்த வேலையை வழி தெரிந்த மனிதர் செய்தார்.

வைகை - பெரியாறு வழித்தடம்

முசிறியிலிருந்து கிழக்கே செல்ல இரண்டு முதன்மை வழிகள் இருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர், கொடுமணல் சென்ற வழி மலையேற்றம் இல்லாதது. ரோம நாணயப் புதையல்கள் மிகுதியாகக் கிடைத்திருப்பதும் அப்பகுதியிலேயே. இரண்டாவது வழி பெரியாற்றை ஒட்டி மலைமேல் ஏறி, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையைப் பின்பற்றி மதுரைக்கும் அங்கிருந்து கடற்கரையிலுள்ள அழகன்குளத்திற்கும் சென்றது. தொலைவில் இது நேரானது. ஆனால் மலையைக் கடந்தே தீர வேண்டும்.

இவ்வழித்தடத்தின் பழைமைக்குப் பல சான்றுகள் உள்ளன. 2006-இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய நடுகற்களுள் இவை அடங்கும். அவற்றில் ஒன்று கூடல்ஊரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த ஒருவருக்காக எழுப்பப்பட்டது. வைகைக் கரையில் எழுத்தறிவும், ஆநிரை கவரும் பூசலும் ஒருங்கே இருந்ததை இது காட்டுகிறது. வைகை கடலில் கலக்கும் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் ரோம நாணயங்களும் பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. மேற்கே, கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமச் சாடிகளின் உடைந்த துண்டுகள் பெருமளவில் கிடைத்தன. பட்டணமே பழைய முசிறி என்று பலர் கருதுகின்றனர்.

சிலப்பதிகாரக் கதையில் மதுரையை எரித்த கண்ணகி, வைகைக் கரை வழியாக மேற்கு நோக்கி நடந்து, 14-ஆம் நாள் மலைநாட்டை அடைகிறாள். கூடலூருக்கு மேலே தமிழக - கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் இக்கதையோடு தொடர்புபடுத்தப்படுகிறது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் அங்கு வழிபாட்டிற்கு அனுமதி உண்டு. அன்று பளியன்குடி வழியாக நடந்து ஏறும் பக்தர்கள், பழைய மலையேற்றத்தை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் நிகழ்த்துகின்றனர்.

போடி மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினரின் வாய்மொழி மரபும் இப்பாதையையே பேசுகிறது. தம் முன்னோர் மதுரையிலிருந்து வெளியேறி, குழந்தைகளையும் தெய்வத் திருவுருவத்தையும் முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப் பெயர் பெற்றதாக அவர்கள் கூறுவர். கேரளத்தின் பூஞ்சாறு அரச குடும்பமும் தம் மரபு பாண்டிய நாட்டிலிருந்து மலை கடந்து வந்ததாகக் கூறுகிறது.

முக்கியக் கணவாய்கள்

தமிழகப் பக்கம் மலை செங்குத்தாக எழுகிறது. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிறிது தொலைவிலேயே நிலம் 1,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. மலை உச்சியை அடைந்ததும் பாதை மறுபக்கம் பெரிதாக இறங்குவதில்லை. ஏலத்தோட்டங்கள் நிறைந்த மேட்டுநிலம் தொடர்கிறது. இதனால் இக்கணவாய்கள் ‘மெட்டு’ என அழைக்கப்படுகின்றன.

போடிமெட்டு: போடியிலிருந்து பூப்பாறை, மூணாறு செல்லும் வழி. கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இதன் வழியே செல்கிறது.

குரங்கணி - டாப் ஸ்டேசன்: போடிக்கு வடமேற்கே கொட்டக்குடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கி, சென்ட்ரல் ஸ்டேசன் என்ற மலைக்கிராமம் வழியாக மேலே செல்லும் நடைபாதை.

சாக்குலூத்துமெட்டு: தேவாரத்திலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் பாதை. பொட்டிபுரம் இதற்கு அருகில், அம்பரப்பர் மலையின் அடிவாரத்தில் உள்ளது. நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டு, எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் பரவலாக அறியப்பட்டது இந்த ஊரே.

ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு, குமுளி: முறையே கோம்பை, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஏறும் வழிகள். கம்பம்மெட்டும் குமுளியும் இன்று வாகனச் சாலைகளாக உள்ளன.

பழங்காலப் பயண ஆயத்தம்

பண்டைய பயணி புறப்படும் முன் காலம், நீர், துணை, சுங்கம் ஆகிய நான்கையும் உறுதி செய்ய வேண்டியிருந்தது. மிளகு சென்ற வழி முழுவதிலும், அதாவது ஏலமலைச் சரிவு முதல் எகிப்தின் பாலைவனம் வரை, இந்த நான்கும் மாறவில்லை.

காலம். எகிப்திலிருந்து முசிறிக்கு வரும் கப்பல்கள் சூலை மாதத்தில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றைப் பயன்படுத்திக் கடல் கடந்தன. காற்று திசை மாறிய பின்னரே திரும்பின. காலம் தவறியவர் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான். மலைவழிக்கும் இதுவே பொருந்தும். மழைக்காலத்தில் ஓடைகள் பெருகிப் பாதையை அறுக்கும். கோடையில் புல் காய்ந்து நீர் வற்றும்.

நீர். செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் இறக்கப்பட்ட மிளகு, பாலைவனச் சாலை வழியாக நைல் நதிக்கரையிலுள்ள கோப்டோசு நகருக்கு ஒட்டகங்களில் சென்றது. பிளினியின் குறிப்புப்படி இச்சாலையின் நீளம் 257 ரோம மைல், அதாவது ஏறத்தாழ 380 கிலோமீட்டர். வெப்பத்தின் காரணமாகப் பெரும்பாலும் இரவில் நடந்து, பகலில் கிணறுள்ள நிலையங்களில் தங்கி, 12 நாட்களில் கடந்தனர். ஒரு நாளின் நடை எங்கே முடிய வேண்டும் என்பதை நீர் இருக்கும் இடமே முடிவு செய்தது. பெரனிகேயில் நடந்த அகழாய்வில், இந்தியச் சாடி ஒன்றில் சேமிக்கப்பட்டிருந்த 7.5 கிலோகிராமுக்கும் மேற்பட்ட கருமிளகு கிடைத்துள்ளது.

துணை. தமிழக வணிகர் தனியே செல்லவில்லை. சாத்து எனப்படும் கூட்டமாகச் சென்றனர். சுரவழிகளில் பயணிகளைத் தாக்கிப் பொருள் பறிக்கும் ஆறலை கள்வரைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பல பேசுகின்றன. கடலிலும் இதே அச்சம் இருந்தது. கொள்ளையருக்கு அஞ்சி இந்தியா செல்லும் கப்பல்களில் வில்வீரர் ஏற்றப்பட்டதைப் பிளினி குறிப்பிடுகிறார்.

சுங்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளையும், உல்கு எனப்பட்ட சுங்கம் பெறும் காவல் உள்ள பெருவழியையும் காட்டுகிறது. ரோமப் பேரரசின் எல்லையில் இந்தியச் சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு வரியாகப் பெறப்பட்டது. கோப்டோசில் கிடைத்த கிபி 90-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாலைவனச் சாலையில் செல்வோர் தத்தம் தொழிலுக்கேற்பச் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பட்டியலிடுகிறது. இசைவு பெறாமல் நெடுவழியில் இறங்குவது அன்றும் இயலாததாகவே இருந்தது.

மலைபடுகடாம் கூறும் எச்சரிக்கைகள்

பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னன் என்னும் மன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் இந்நூலை மலைப்பயண வழிகாட்டி என்றும் படிக்கலாம். அது காட்டும் நிலம் செங்கம் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் அது சொல்லும் இடர்கள் எந்த மலைக்கும் உரியவை. பன்றிக்குப் பொறி வைத்த சிறுவழிகள் இருப்பதால் இருளில் செல்லாமல் விடிந்த பின் செல்ல வேண்டும். தினைப்புனம் காப்போர் விலங்குகளை விரட்ட எறியும் கவண்கற்களுக்கு விலக வேண்டும். பாம்பு ஒடுங்கிய குழிகளையும் வழுக்கும் பாறைகளையும் கவனிக்க வேண்டும். இவ்விவரங்கள் யாவும் அந்த மலையில் வாழ்பவருக்கு மட்டுமே தெரிந்தவை. இடம் அறிந்தவரின் சொல்லே பயணத்தின் முதல் ஆயத்தம் என்பது நூல் முழுவதும் வெளிப்படுகிறது.

பாதைகளின் பிற்கால மாற்றம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூணாறில் தேயிலைத் தோட்டங்கள் உருவானபோது, போடிக் கணவாய்கள் மீண்டும் வணிகவழிகளாயின. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் மூலம் டாப் ஸ்டேசனுக்கு வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டக்குடிக்கு இறக்கப்பட்டு, மாட்டுவண்டிகளில் போடிக்குச் சென்றது. டாப் ஸ்டேசன், சென்ட்ரல் ஸ்டேசன் ஆகிய பெயர்கள் அக்காலத்தின் எச்சங்களே. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டலை ரயில் பாதையை அழித்தது. மதுரை - போடி ரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023 சூன் மாதத்தில் போடி வரை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

மலைச்சாலைகள் அமைந்த பின் நடைபாதைகளின் பயன்பாடு குறைந்தது. ஏலக்காய் இன்று வண்டிகளில் இறங்கி, போடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் விற்பனையாகிறது. தலைச்சுமையாகவும் பொதிவிலங்குகளிலும் சரக்கு கொண்டு சென்றவர்கள் அறிந்திருந்த ஊற்றுகள், நிழலிடங்கள், ஆபத்தான திருப்பங்கள் பற்றிய அறிவு, மலைக்கிராமத்தவர் சிலரிடம் மட்டுமே தங்கியது. பாதை இருந்தது, அதைப் பற்றிய அறிவு நகரத்திலிருந்து நடக்க வருபவரிடம் இல்லை. இந்த இடைவெளியின் விளைவு 2018-இல் வெளிப்பட்டது.

குரங்கணிக் காட்டுத்தீ, 2018

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்திருந்த இவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் முதலில் மீட்பில் இறங்கினர். பின்னர் அரசுத் துறைகளும் இந்திய விமானப்படை உலங்கூர்திகளும் ஈடுபட்டன. வாகனம் செல்ல முடியாத சரிவு என்பதால், காயமடைந்தவர்கள் பலர் இரவைச் சரிவிலேயே கழிக்க நேர்ந்தது.

மார்ச் மாதத்தில் இச்சரிவுகளின் புல் முற்றிலும் காய்ந்திருக்கும். வெயில் ஏறும் பகல்வேளையில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். சரிவில் தீயும் கீழிருந்து மேலே வேகமாகப் பரவும். மேலே உள்ள புல்லை அனல் முன்னதாகவே உலர்த்திவிடும். மேல்நோக்கி ஓடும் மனிதரால் அந்த வேகத்தை மிஞ்ச முடியாது. நிகழ்வை விசாரிக்க அதுல்ய மிஸ்ரா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் மாநிலம் முழுவதும் 40 தடங்களை அறிவித்தது. அவற்றில் பழங்குடி இளைஞர்களும் உள்ளூர் இளைஞர்களும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். குரங்கணி - சாம்பலாறு தடமும் இத்திட்டத்தில் உள்ளது.

இன்றைய பயண ஆயத்தம்

அனுமதி: போடி மலைச்சரிவுகளின் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி நுழைவது சட்டப்படி குற்றம். அனுமதி பெற்ற தடத்தை விட்டு வேறு தடத்தில் செல்வதும் அத்தகையதே. மீட்புக் குழு முதலில் தேடுவது அனுமதிச் சீட்டில் உள்ள தடத்தையே என்பதால், இது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த விதியும் ஆகும். எல்லைக்கு அப்பால் கேரள வனத்துறையின் அனுமதி தனியே தேவைப்படும்.

காலம்: பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ அபாயக் காலம், தடங்கள் மூடப்படுவதுண்டு. தென்மேற்குப் பருவமழை மேட்டுநிலத்திலும், வடகிழக்குப் பருவமழை போடிப் பக்கச் சரிவிலும் வலுவாக இருக்கும். மழை ஓய்ந்து புல் இன்னும் பசுமையாக இருக்கும் டிசம்பர் பிற்பகுதியும் சனவரியும் நடைக்கு ஏற்றவை. எக்காலத்திலும் காலை ஆறு, ஏழு மணிக்குள் நடையைத் தொடங்கி, இருட்டுவதற்கு வெகுமுன் முடிப்பது நல்லது.

நீரும் உணவும்: ஒருவருக்குக் குறைந்தது 3 லிட்டர் நீர் வேண்டும். அடிவாரச் சரிவு மழைமறைவுப் பகுதி என்பதால் சிற்றோடைகள் விரைவில் வற்றிவிடும். தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கலாம். அதனைக் காய்ச்சினாலும் நஞ்சு நீங்காது. புளிச்சோறு போன்ற கட்டுச்சோறு, நிலக்கடலை, வெல்லம், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை போதுமானவை.

உடையும் காலணியும்: முழுக்கை, முழுக்கால் பருத்தி உடை ஏற்றது. செயற்கை இழை உடை தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காலணி புதிதாக இல்லாமல், முன்பே நடந்து பழகியதாக இருக்க வேண்டும். மேட்டுநிலத்தில் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை தேவை. மழைக்காலத்தில் சோலைப் பகுதிகளில் அட்டை மிகுதி. நீண்ட காலுறையும் சிறிது உப்பும் உதவும்.

உடற்பயிற்சி: ஏற்றத்தை விட நீண்ட இறக்கமே முழங்காலை அதிகம் வருத்தும். புறப்படுவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே, சுமையுடன் படி ஏறி இறங்கிப் பழகுவது பயன் தரும்.

விலங்குகள்: யானை, காட்டுமாடு, கரடி ஆகியவை இச்சரிவுகளில் நடமாடுகின்றன. 2023-இல் சின்னக்கானல் பகுதியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மலையிறங்கிக் கம்பம் நகருக்குள் வந்தது. மனிதர் கடந்த மலைவழிகளை யானைகளும் கடக்கின்றன. புதிய சாணமோ ஒடிந்த கிளைகளோ தென்பட்டால், நின்று வழிகாட்டி சொல்வதைக் கேட்க வேண்டும்.

தீ: தீப்பெட்டி, புகைபொருள் எதையும் எடுத்துச் செல்லக்கூடாது. புகை தெரிந்தால் மேல்நோக்கியும் உயர்ந்த புல்லுக்குள்ளும் ஓடாமல், வெறும் பாறை, ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்த நிலம் ஆகியவற்றை நாட வேண்டும்.

தகவல்: மலைமடிப்புகளில் கைப்பேசி இணைப்பு கிடைப்பதில்லை. செல்லும் தடம், குழுவினரின் பெயர்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை அடிவாரத்தில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

தொல்பொருட்கள்: பானை ஓடு, மணி, நாணயம் போன்றவை கண்ணில் பட்டால் எடுக்கக்கூடாது. கிடந்த இடத்தோடு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். இடம் தெரியாத நாணயத்தால் ஒரு வழித்தடத்தை நிறுவ முடியாது. வைகை - பெரியாறு வழி பற்றிய ஆய்வு இன்னும் நிறைவுறாத நிலையில், பயணி ஒருவரின் கவனம் அதற்கு உதவக்கூடும்.

பழைய பாதையும் புதிய பயணியும்

ஐரோப்பாவில் ரோமச் சாலைகளைப் பின்பற்றி நடப்பவருக்கு அறிவிப்புப் பலகைகளும் தங்கும் விடுதிகளும் தொடர்ந்து கிடைக்கின்றன. போடி மலைகளில் அத்தகைய ஏற்பாடு குறைவு. இங்கே வழிகாட்டிப் பலகையின் இடத்தில் குரங்கணியிலோ பளியன்குடியிலோ பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் இருக்கிறார். எந்த ஊற்றில் எந்த மாதம் வரை நீர் இருக்கும், எந்தப் புல்வெளியை எந்த நேரத்திற்குள் கடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் இன்று போக வேண்டாம் என்று சொன்னால், பயணத்தை ஒத்திவைப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.